பேராசிரியர் ப்ரூகரின் மாலை வணக்கம்

அந்தக் கணிதத் துறையின் கூரையில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நேர் கீழே துறைத் தலைவர் பேராசிரியர் மஷூர் தம்முடைய நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பதவியேற்ற நாளிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். மற்ற விரிவுரையாளர்கள் ஒரு கையில் குடையும் மறு கையில் சோக்குமாகத் தொகையீடு கற்பித்தார்கள். சமன்பாட்டின் கடைசி வரியை எழுதி முடிப்பதற்குள் முதல் வரி கரைந்து தரைக்கு வந்துவிடும். இரத்தினபுரிப் பக்கத்து மழைக்குக் கணிதத்தின் மேல் மரியாதை கிடையாது. பிரின்டர் செத்து, அதன் வயிற்றில் ஒரு தவளைக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்திருந்தது. ஆய்வு நிதி என்ற சொல்லைப் பெருமூச்சு விடாமல் உச்சரித்தவர் அந்தத் துறையில் யாருமில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பேராசிரியர் ப்ரூகர் வந்து இறங்கினார். பனி நாட்டுக்காரர். தலை இடிக்காமல் அவர் நுழைந்த வாசல் இந்தத் தீவிலேயே கிடையாது. இயற்கை இடர்களைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே அறிகிற ஆய்வுகளுக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நிதி கொடுக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம் என்று கைகாட்டுகிறவர் அவர். வருவார், மூன்று வருகை விரிவுரைகள் நிகழ்த்துவார், திரும்பிப் போய் ஒரு சொல் சொல்லுவார். அந்த ஒரு சொல்லில் புதுக் கூரையும் வரும், தவளைகளுக்கு விடுதலையும் வரும்.

இத்தனை பல்கலைக்கழகங்கள் இருக்க அவர் இங்கே வந்ததற்குக் காரணம் சுமித்ரா. துறையில் இளைய விரிவுரையாளர், இன்னும் நிரந்தரமாகாதவள். எஹலியகொடைக்கு மேலே ஹீன்கந்த தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பள்ளத்து லயத்தில் பிறந்தவள். அண்ணன் கஜேந்திரன் குடும்பத்தோடு இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்த லயத்துக்கு மேலே செங்குத்தாக ஒரு மலை நிற்கிறது. அதன் நெற்றியில் ஒரு வெடிப்பு. முதலில் சுமித்ராவின் விரல் நுழைகிற அளவு இருந்தது. பிறகு கை நுழைந்தது. அவள் எந்த மழைக்கு மலை சரியும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு வருகிற மழைக்காலத்தைக் காட்டியது. ஊருக்குச் சொன்னாள். ஊர் சிரித்தது.

"கன்னையா மக படிச்சாலும் படிச்சா, மலையப் பாத்து ஜோசியம் சொல்றா" என்றார்கள். மூக்கு ஒழுகப் பார்த்த பிள்ளை சொல்கிற அபாயத்தை எந்த ஊர் கேட்டிருக்கிறது?

ப்ரூகரின் முதல் விரிவுரையிலேயே சுமித்ரா குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டாள். சரிவுகள் எப்போது நிற்கும், எப்போது விழும் என்பதற்கு அவரிடம் ஒரு தேற்றம் இருந்தது. அழகான தேற்றம். பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மாணவன்கூட விழித்துக் கைதட்டிவிட்டு மறுபடி தூங்கினான். அந்தத் தேற்றத்தின்படி ஹீன்கந்த மலை விழாது. விழும் என்று பயந்த ஒரு மலையைக் கணிதம் நிற்கவைத்தது என்று எழுத ப்ரூகருக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அந்த மலையை அளந்து வைத்திருந்தவள் சுமித்ரா.

"வெடிப்பு உங்கள் சமன்பாட்டில் எங்கே இருக்கிறது?" என்று அவள் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அது உள்ளூர் விவரம்" என்றார் ப்ரூகர், அன்பாக. "தேற்றம் மலையைப் பற்றியது."

விரிவுரை முடிந்ததும் மஷூர் அவளை அந்த ஒழுகாத இடத்துக்கே கூப்பிட்டார். அது பெரிய கௌரவம்.

"மகள், மூணாவது லெக்சர் உங்கட தோட்டத்திலதான் வைக்கணுமாம். ஆக்களுக்கு நேரா சொல்லணுமாம். நீங்க தமிழில சொல்லிக் குடுங்க, போதும்."

"என்னான்னு சொல்லச் சொல்றார் சேர்?"

"மலை விழாது, பயமில்லாம தூங்குங்க. அவ்வளவுதான். ஒரு வார்த்தைதானே மகள்?"

"எங்க அண்ணன் அதுக்குக் கீழதான் தூங்குறாரு சேர்."

மஷூர் கூரையைப் பார்த்தார். கெட்ட மனிதரல்ல, பாவம், நனைந்த மனிதர். "நீங்க சொல்லாட்டி வேற ஆள் வந்து சொல்லும். நிதி பேராதனைக்கோ கொழும்புக்கோ போகும். மலை அங்கயேதான் நிக்கும். யோசிங்க" என்றார்.

யோசித்தாள். யோசிக்க யோசிக்க மழைதான் வலுத்தது. தோட்டத்துக்குப் போகும் நாள் வந்தபோதும், ஒலிவாங்கியைப் பிடித்து என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளும் மஷூரும் ஒரு வாகனத்தில் போனார்கள். பின்னால் ப்ரூகரை ஏற்றிக்கொண்டு துறையின் வேனை ஓட்டி வந்தவர் பந்துல. சிங்களவர், இரண்டு ரப்பர் தோட்டங்களில் லொறி ஓட்டியவர், எழுவாய், பயனிலை என்ற தொல்லை எதுவும் இல்லாமல் சரளமாகத் தமிழ் பேசுவார். ப்ரூகருக்கு ஒரு பழக்கம்: போகிற நாட்டிலெல்லாம் அந்த ஊர்ப் பாஷையில் ஒரு வணக்கம் சொல்லித்தான் விரிவுரையைத் தொடங்குவார். தோட்டத்துத் தமிழர்கள் மாலையில் ஒருவரையொருவர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று பந்துலவைக் கேட்டிருக்கிறார்.

தோட்டத்தில் மலை என்றால் இரண்டு. மேலே நிற்பதும் மலை. கொழுந்து பறிக்கப் போகிற வேலைக்காடும் மலை. காலையில் "மலைக்குப் போறோம்" என்பார்கள். சாயங்காலம் எதிரே வருகிறவரிடம், சாப்பிட்டாச்சா என்பதுபோல, "மலை இறங்கிட்டீங்களா?" என்பார்கள். "இறங்கிட்டோம்" என்று பதில் வரும். இறங்குவது ஆட்கள். பந்துலவுக்கு ஆட்களும் ஒன்றுதான், மலையும் ஒன்றுதான். வேன் குலுங்கிய வழியெல்லாம் அவர் சொல்லிக்கொடுக்க, ப்ரூகர் ஒரு சின்னப் பிள்ளையின் மகிழ்ச்சியோடு மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

தோட்டத்து மண்டபம் பள்ளத்து லயத்தை ஒட்டி, அந்த மலையின் காலடியில் இருக்கிறது. வெள்ளைக்கார தொர வருகிறார் என்று சனம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் கஜேந்திரன், பக்கத்தில் அண்ணி சரோன், மடியில் சின்னவள், காலடியில் பெரியவள். மழை தகரத்தில் கொட்டி, பேசுகிறவர் வாயைத்தான் பார்க்க முடிந்தது. அதற்கும் அடியில் வேறொரு சத்தம் இருந்தது. சுமித்ராவுக்கு மட்டும் கேட்டதோ, அவள் பயத்துக்குக் கேட்டதோ, பெரிய மாடு ஒன்று படுத்தபடி புரள்வதுபோல. மலையூற்றுப் பீலியில் காலையிலிருந்து தண்ணீர் செம்மண்ணாக வருகிறது என்று யாரோ பின்னால் கத்திப் பேசிக்கொண்டார்கள். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயம் முழுசாகப் போனபோதும் முதலில் பீலித் தண்ணீர்தான் சிவந்தது.

ப்ரூகர் மேடை ஏறினார். விட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார். கையை உயர்த்தினார். தம்முடைய அகலமான சிரிப்பைப் போட முயன்றார்; இடித்த வலியில் அது பாதியில் கோணிக்கொண்டு, முகம் பயங்கரமாக ஆனது. அந்த முகத்தோடு, மழையையும் மீறி, மண்டபமே அதிரச் சொன்னார்:

"மலை இறங்கிருச்சு!"

அத்தனை தலையும் ஒன்றாய் மலைப் பக்கம் திரும்பியது.

பிறகு மண்டபம் காலியானது. காலியானது என்று எழுதுவது குறைவு. கதவு இரண்டுதான், சனம் இருபது வழியால் போனது. வாழ்நாள் முழுதும் முழங்கால் வலி என்று உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா ஜன்னலால் குதித்து, முதல் ஆளாக ஓடையைத் தாண்டினார். "பிள்ளைகளத் தூக்கு! ஸ்கூலுக்கு ஓடு!" என்று கஜேந்திரன் கத்தினான். ஓடைக்கு எதிர்ப்புறம் கல்மேட்டில் பள்ளிக்கூடம் இருக்கிறது. வருடக்கணக்காகச் சுமித்ரா விரல் நீட்டிக் காட்டிய இடம். அவள் சொன்னபோது ஒரு கோழிகூட அந்தப் பக்கம் போகவில்லை.

"என்ன நடந்தது?" என்றார் ப்ரூகர், கையை இன்னும் கீழே இறக்காமல்.

மஷூர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மகள்! மைக்க எடுங்க! தொர பிழையாச் சொல்லிட்டார், திரும்பி வாங்கன்னு சொல்லுங்க! கெதியா!"

சுமித்ரா ஒலிவாங்கியை எடுத்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் பின்தங்கிய சிலர் ஒலிபெருக்கி கரகரத்ததும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சரோன் சின்னவளை இடுப்பில் வைத்தபடி, செருப்பில்லாத காலோடு, அவளையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும், அத்தனை பேரும் திரும்புவார்கள். கூரை, நிதி, நிரந்தர வேலை எல்லாம் அவர்களோடு கூடவே திரும்பி வரும்.

"தொர சொன்னது கேட்டுச்சா?" என்றாள் சுமித்ரா. "கேட்டுச்சுன்னா ஏன் நிக்கிறீங்க?"

நின்றவர்களும் ஓடினார்கள்.

மஷூர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அது ஒழுகுகிற இடம், அவர் கவனிக்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று ப்ரூகர் கேட்க, பந்துல பெருமையோடு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். ப்ரூகர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுமித்ராவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வெளியே போய், மழையில் நின்று, மலையை அண்ணாந்து பார்த்தார். வாங்கப்போகிற மாட்டைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்.

"இன்று இரவு நான் உங்கள் அண்ணன் வீட்டில் படுக்கிறேன்" என்றார். "காலையில் எல்லோரும் என்னைப் பார்க்கட்டும்."

செய்தி ஓடையைத் தாண்டி அரை நிமிடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. கஜேந்திரன் சாவியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தான்.

"அண்ணே, என்னா செய்றீங்க?"

"தொரயே படுக்கிறேங்கிறாரு தங்கச்சி. காலையில உசுரோட எழும்பி வந்தா நாங்க வீட்டுக்குப் போறோம். வராட்டி..." அவன் மலையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "இதவிட நல்ல டெஸ்ட் இருக்கா? நீயே சொல்லு, கணக்கு டீச்சர்."

மாலை இருட்டிக்கொண்டு வந்தபோது சுமித்ரா லயத்துக்குத் தனியே போனாள். ப்ரூகர் கஜேந்திரனின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் கட்டிலைத் தாண்டி, அறையைத் தாண்டி, ஏறக்குறைய அடுத்த வீடு வரை போயிருந்தது. சுவரில் சரோனின் மாதா படமும் அண்ணனின் முருகன் படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. இரண்டுக்கும் பின்னால் சுவரில் ஈரம் ஏறியிருந்தது.

"வெளியே வாருங்கள்" என்றாள். "ஓர் இரவு மலை நின்றால் அது நிரூபணம் ஆகாது. உங்களுக்கே தெரியும்."

"உங்களுக்கும் எனக்கும் ஆகாது" என்றார் ப்ரூகர். "அவர்களுக்கு ஆகும்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. தம்முடைய தேற்றத்தை அவர் மனமார நம்பினார். அதுதான் சுமித்ராவை அதிகம் பயமுறுத்தியது. பொய் சொல்கிற மனிதன் இந்த மலைக்குக் கீழே படுப்பானா?

அன்று பள்ளிக்கூடத்தில் யாரும் தூங்கவில்லை; கணவன்மார் குறட்டையைத் தவிர வேறொன்றுக்கும் விழிக்காத பெண்கள்கூட ஜன்னலில் நின்றார்கள். எதிரே லயத்தில் ஒரே ஒரு விளக்கு. சுமித்ரா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மலை விழாமல் விடிந்தால் இவ்வளவு பேரும் அதன் கீழே திரும்பிப் போவார்கள். விழுந்தால் அந்த விளக்கு அணையும். இவ்வளவு பேரும் பிழைப்பார்கள். தான் எதை வேண்டிக்கொள்கிறோம் என்று ஒரு கணம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஜன்னலை விட்டு விலகிப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

விடிந்தது. மலை நின்றது.

ப்ரூகர் பீலியில் பல் தீட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் பால் போட்ட தேத்தண்ணி மாதிரி வந்துகொண்டிருந்தது. அதிலேயே வாய் கொப்பளித்தார். கல்மேட்டிலிருந்து எழுந்த ஆரவாரம் கரவனெல்ல வரைக்கும் கேட்டிருக்கும். மழைகூட மரியாதைக்கு நின்று கொடுத்தது. சட்டி பானை, பாய், ரேடியோ, கோழிக்கூடு என்று தலையில் சுமந்துகொண்டு சனம் ஓடையைத் திரும்பத் தாண்டியது. தேர்த் திருவிழா தோற்றது. வெள்ளையம்மா ப்ரூகரின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்; அதற்கு மேலே எட்டவில்லை.

"உங்கள் பெயரும் கட்டுரையில் இருக்கும்" என்று ப்ரூகர் சுமித்ராவிடம் சொன்னார். "நிதியும் வரும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை." அவர் கை கொடுத்தார். மஷூர் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை, வெட்கமோ, நிம்மதியோ.

வேனைத் திருப்பும்போது பந்துல தலையை வெளியே நீட்டினார். "மிஸ், நான் சொல்லிக் குடுத்தது பிழையா?"

"இல்ல பந்துல அய்யே" என்றாள் சுமித்ரா. "அதுதான் சரி. கொஞ்சம் முந்திச் சொல்லிட்டீங்க."

வேன் வளைவில் மறைந்ததும் அவள் மேலே ஏறினாள். அட்டை கடித்தது தெரியாமல் ஏறினாள். வெடிப்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு வாய் இருந்தது. கையிலிருந்த குடையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கைப்பிடி வரை இறங்கியது. அடியில் எதிலும் முட்டவில்லை. உள்ளேயிருந்து ஈரக்காற்று வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. குடையை அப்படியே விட்டுவிட்டு, சறுக்கிக்கொண்டும் விழுந்துகொண்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

அங்கே மிஞ்சியிருந்தது சரோனும் இரண்டு பிள்ளைகளும்தான்.

"உங்கண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏசிட்டுப் போயிட்டாரு" என்றாள் சரோன். "நான் போகல. நேத்து நீ மைக்கில பேசினப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். தொர மூஞ்சிய நம்பல, உன் மூஞ்சியத்தான் நம்புனேன். நீ போகாத எடத்துக்கு நான் போகமாட்டேன் சுமி."

"இங்கயே இருங்க அண்ணி. நான் போய் அண்ணனக் கூட்டிக்கிட்டு வாறேன். அவரு வந்தா மத்தவங்களும் வருவாங்க."

கஜேந்திரன் வரவில்லை. ப்ரூகர் படுத்த கட்டிலை அக்கம்பக்கத்தாருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் அது ஒரு புண்ணியத் தலம் ஆகிவிட்டது.

"அண்ணே, வெடிப்பு ஒரே ராவுல ரெண்டு மடங்காயிருச்சு. வாங்க."

"மறுபடியுமா? ஏன்டி, தொரயவிட உனக்குத் தெரியுமா? அவரு தேசம் தேசமா மலை பாத்த மனுசன்."

"தொர போயிட்டாரு அண்ணே. மலை இங்கதான் இருக்கு."

"நாங்களும் இங்கதான் இருக்கோம். எங்க போகச் சொல்ற? ஸ்கூல்ல எத்தன நாளைக்கு? திங்கக்கிழம பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வேணாமா? லயத்துக் கடைசித் தொங்கல் வீட்டுக்காரன் கேட்டான், உன் தங்கச்சிக்கு நிதி கிடைக்கலன்னு கோபமான்னு."

"கிடைச்சிருச்சு" என்றாள் சுமித்ரா. அவனுக்கு அது விளங்கவில்லை.

இழுத்தாள்; அவன் அசையவில்லை. கும்பிட்டாள்; சிரித்தான். கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க வராம நான் இந்த எடத்த விட்டு எழும்பமாட்டேன். விழட்டும். என் மேலயும் விழட்டும்."

"சரி, உக்காரு. தேத்தண்ணி குடி" என்றான் அண்ணன், பாசமாகவே. கோப்பையைக் கையில் திணித்தான். தங்கையின் பிடிவாதம் அவனுக்குத் தெரியும். தன்னுடையது அதைவிடப் பெரியது என்றும் தெரியும்.

அவள் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். "பாருங்க, கணக்கு டீச்சரே வந்து உக்காந்துட்டாங்க" என்று ஒருத்தி சொன்னாள். "அப்புறம் என்னா பயம்?" பின்னால் மண் ஒரு பிடி, யாரோ எறிந்ததுபோல, தகரத்தில் விழுந்தது. மழை மறுபடி தொடங்கியது. முதலில் இலையில், பிறகு கூரையில், பிறகு எல்லாவற்றிலும்.

அப்போதுதான் நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

கல்மேட்டின் ஓரத்தில் சரோன் நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? வீட்டு வாசலில் நாத்தனார் உட்கார்ந்து, அண்ணன் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். நம்பின முகம் லயத்திலேயே இருக்கிறது. சரோன் குனிந்தாள். மூட்டையைத் தலையில் வைத்தாள். சின்னவளை இடுப்பில் ஏற்றினாள். பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும் படியில் கால் வைத்தாள்.

"அண்ணி! வராதீங்க!" சுமித்ரா கோப்பையைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் பாய்ந்தாள். மழை அவள் வாயிலிருந்தே சொல்லைப் பிடுங்கிக்கொண்டது. "போங்க! திரும்பிப் போங்க!"

இரண்டு கையையும் உயர்த்தி, போ போ என்று வீசினாள். தன் பலம் முழுவதையும் சேர்த்து வீசினாள். மழைத்திரைக்கு அப்பால் வீசுகிற கை போ என்கிறதா, வா என்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

சரோன் ஒரு கையை விடுவித்து, சரி, தெரிகிறது, வருகிறேன் என்பதுபோல ஆட்டினாள். பிறகு பிள்ளைகள் நனையாமல் இருக்க, நடையை எட்டிப் போட்டாள்.